நல்ல நேரத்தில் விட்ட மீன்

சென்ற மாதம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மீன் தொட்டிக் கடை வைத்திருப்பவர் எனக்குப் போன் செய்தார். ஒரு காலத்தில் எங்கள் கம்பெனியில் சூளைப் பிரிவில் வேலை பார்த்தவர். "மேடம், ஒரு புது வூட்டுக்குக் கடல் மீனு தொட்டி போட்டுக் குடுத்தேன். பழைய மீனெல்லாம் நல்லாத்தான் இருக்குது. புதுசா வுடற மீனு மட்டும் நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன். "நானு மெதுவாத்தான் வுடலாம்னு இருந்தேன். நல்ல நேரம் முடியப் போவுதுன்னு வூட்டுக்காரரு அவசரப்படுத்தினாரு. பைய அறுத்து ஊத்திட்டேன்" என்றார். நான் கத்திவிட்டேன். அவர் பயந்துபோய், "கோவிச்சிக்காதீங்க மேடம், அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டார். பாவம், என் கோபத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அது அவர் கடை திறப்பதற்கு முன்பே மூண்ட கோபம். அதனால்தான் அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் விருத்தாசலத்தில் பீங்கான் டிப்ளமோ படித்தவள். எங்கள் ஊர்ப் பீங்கான் கம்பெனி ஒன்றில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, லேப் இன்சார்ஜாக ரிட்டையர் ஆனேன். வேலை பழகிய வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளை மண்ணை அரைத்துக் கூழாகக் கரைப்பார்கள். அதற்கு ஸ்லிப் என்று பெயர். ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழலை அதில் மிதக்கவிட்டு, கூழின் அடர்த்தி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அது தப்பினால் அச்சில் ஊற்றிய வாஷ் பேசின் சூளையைப் பார்ப்பதற்கு முன்பே விரிசல் விடும். விரிசல் விட்டால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சரியாக வந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கூப்பிடுகிறவர் மேனேஜர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவர் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் நாம்தான் முன்னால் குனிய வேண்டும். அவர் அறைக்குள் போன எல்லாரும் கும்பிடுகிற மாதிரி குனிந்தே நிற்பதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறேன். எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டார். "பாத்துக்கலாம்மா" என்பார். லேபில் மண் தூசி பறக்கிறது, காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். "பாத்துக்கலாம்மா" என்றார். நான் ரிட்டையர் ஆகும்வரை அந்த ஃபேன் வரவில்லை. இன்றைக்கும் எனக்கு இருமல் இருக்கிறது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. யாரையாவது வேலையை விட்டு எடுக்கிற அன்று அவர்களுக்கு டீ வரவழைத்துக் கொடுப்பார். நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்று பேச்சை ஆரம்பித்து, டீ தீரும்போது நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முடிப்பார். மேனேஜர் ரூமிலிருந்து உனக்கு டீ சொல்லியிருக்கிறார்கள் என்றால் ஆட்கள் டிபன் பாக்ஸைப் பையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் போவார்கள். சத்தம் போடுகிற மனிதரை நான் பொறுத்துக்கொள்வேன், சண்டையாவது போடலாம். இந்த மாதிரி ஆளிடம் சண்டை போட இடமே கிடைக்காது.

செல்போன் அப்போதுதான் எல்லார் சட்டைப் பையிலும் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் முதலாளி சென்னையில் ஏதோ ஓட்டலில் கடல் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, கம்பெனியிலும் ஒன்று வேண்டும் என்றார். வாஸ்துக்காரர் தலையாட்டினார். விசிட்டர்கள் உட்காரும் ஹாலில் ஈசானிய மூலையில் தொட்டி வந்தது. கடலூருக்கு லோடு இறக்கப் போகும் வேன், திரும்பும்போது கேன் கேனாகக் கடல் தண்ணீரைக் கொண்டுவந்தது. தண்ணீரில் உப்பின் அளவு மாறாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஸ்லிப்புக்குப் பாக்கற அதே ஹைட்ரோமீட்டர்தானேம்மா" என்றார். லேபோடு கடலும் என் தலையில் விழுந்தது.

வேறு குழல் வேண்டும், அது மண்கூழுக்கானது என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் நானே சென்னைக்குச் சொல்லி வரவழைத்தேன். கொளத்தூரில் மீன் விற்பவர் ஒருவரிடம் போனில் கேட்டுக் கேட்டுத்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதும் அது எனக்குப் பிடித்துப்போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொட்டிக்கு முதலில் வந்தது ஒரு கறுப்பு மீன். உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு இருக்கும். உள்ளங்கையில் பாதிகூட இராது. ஆனால் அது தொட்டி முழுவதையும் பட்டா போட்டுக்கொண்டது. பின்னால் வந்த மீன்கள் எல்லாம் அது விட்டுக்கொடுத்த மூலையில்தான் வாழ்ந்தன. சுத்தம் செய்யக் கை விட்டால் என் விரலையே வந்து கடிக்கும். அச்சுப் பிரிவு மேஸ்திரியின் ஞாபகத்தில் ஆட்கள் அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்தார்கள். உண்மையான மேஸ்திரிக்கு அதில் வருத்தம்தான்.

இப்போது அஞ்சலை. நல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, ஹாலையும் ஆபீசையும் பெருக்கித் துடைக்கும் பெண். முப்பது வயது இருக்கும். கணவர் பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போவார். வெட்டு இல்லாத மாதங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிவது அஞ்சலையின் சம்பளத்தில்தான். தொட்டியின் வெளிக் கண்ணாடியை மட்டும் துடைப்பாள். மேலே மூடியிருக்கும் கண்ணாடிப் பலகையைத் தொடக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அவளும் தொட்டதில்லை. "அது கடிக்கற மீனு மேடம், எனக்கு எதுக்கு வம்பு" என்பாள்.

ஹாலைப் புதுப்பித்துத் திறப்புவிழா வைத்தார்கள். வடநாட்டிலிருந்து பெரிய டீலர் ஒருவர் வருகிறார், அவர் கையால் தொட்டியில் ஒரு சிவப்பு மீன் விட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. கொளத்தூர்க்காரர் ஃபயர் ஃபிஷ் என்று ஒன்றைச் சொன்னார். முன்பாதி வெள்ளை, பின்பாதி தீ மாதிரி சிவப்பு, தலைக்கு மேலே நூல் போல ஒரு துடுப்பு. "அழகா இருக்கும் மேடம். ஆனா சரியான பயந்தாங்கொள்ளி. தொரத்தினா மேல குதிச்சி வெளிய வுழுந்துடும். ஒளிய எடம் வச்சிட்டு வுடுங்க" என்றார்.

நான் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். லைட்டை அணைத்துவிட்டுத்தான் விட வேண்டும், மீன் வந்த தண்ணீரில் நம் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலக்க வேண்டும், மேஸ்திரியை முதலில் அடக்க வேண்டும், விழாவுக்கு முன்பே அமைதியாக விட்டுவிடலாம் என்றேன். அவர் குனிந்து குனிந்து தலையாட்டினார். "கண்டிப்பாம்மா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

விழா அன்று காலையில் நான் போய்ப் பார்த்தால், தொட்டிக்குள் இருந்த பாறைகளைக் காணோம். முந்தின நாள் சாயங்காலமே எடுத்துவிட்டு, எங்கள் கம்பெனிச் சரக்கை உள்ளே அடுக்கியிருந்தார்கள். பளபளவென்று கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு போட்ட வெள்ளை ஃபியூஸ் கட்டைகளும், சாம்பிளுக்குச் செய்த குட்டி வாஷ் பேசினும். விளம்பரமாம். ஒளிய ஒரு சந்து இல்லை, ஒரு பொந்து இல்லை. குட்டி வாஷ் பேசினுக்குள் மேஸ்திரி உட்கார்ந்திருந்தது. பீங்கான் ஊரில் இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு புத்தி வராது.

மீன் பை வந்ததும் அவசரமாகக் குளுக்கோஸ் ஏற்றும் டியூபை எடுத்து, சொட்டுத் தண்ணீர் விட ஆரம்பித்தேன். மேனேஜர் பக்கத்தில் வந்து காதருகே சொன்னார்: "நல்ல நேரம் முடியப் போவுதும்மா."

"சார், இப்ப ஊத்தினா செத்துடும் சார்."

"சாமி பேரைச் சொல்லி வுடறோம், ஒண்ணும் ஆவாது. லேப்ல சாம்பிள் காத்துக்கிட்டு இருக்குல்ல, நீங்க போங்க. பாத்துக்கலாம்மா."

நான் வாசல்வரை போய் நின்று பார்த்தேன். எல்லா லைட்டையும் போட்டார்கள். தொட்டிக்கு முன்னால் கற்பூரம் காட்டினார்கள். டீலர் கையை உள்ளே விட வசதியாக மேல் கண்ணாடியை மேனேஜரே எடுத்து சோபாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். டீலர் பையை அறுத்துத் தண்ணீரும் மீனுமாக ஊற்றினார். எல்லாரும் கை தட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் மேஸ்திரி பேசினிலிருந்து பாய்ந்துவிட்டது. அந்தச் சிவப்பு மீன் கட்டைக்குக் கட்டை முட்டிக்கொண்டு ஓடியது. ஓடிப்போய் ஒளிய இடமில்லாமல் ஓடுகிற உயிரைப் பார்த்து ஒரு கூட்டம் சிரித்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. வேலை முடிந்து மறுபடி பார்க்கப் போனேன். ஹாலைப் பூட்டிச் சாவியை மேனேஜர் எடுத்துப் போயிருந்தார்.

மறுநாள் காலையில் ஹாலைத் திறந்துவிட்ட கொஞ்ச நேரத்தில் அஞ்சலை லேபுக்கு வந்தாள். கையில் ஒரு பேப்பர், அதன் மேல் மீன். "மேடம், செகப்பு மீனு தொட்டிக்குப் பின்னால கெடந்துதுங்க. எனக்கு மனசே கேக்கல" என்றாள். அதைக் குப்பையோடு தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மீன் கருவாடாகக் காய்ந்திருந்தது. துடுப்பெல்லாம் விறைத்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஹாலுக்கு ஓடினேன். மேல் கண்ணாடி முந்தின நாள் சாய்த்து வைத்த இடத்திலேயே சாய்ந்திருந்தது.

மேனேஜர் ஹாலுக்கு வந்தார். ஆபீஸ் ஆட்கள், வாட்ச்மேன், டீலருடன் வந்து தங்கியிருந்த இரண்டு பேர் எல்லாரும் அங்கே இருந்தார்கள். அவர் மீனைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், பிறகு அஞ்சலைக்கு ஒரு டீ சொன்னார்.

"நேத்தே நான் கண்ணாடிய மூடிட்டேம்மா. நீ காலைல தொடைக்க எடுத்திருப்ப, மீனு குதிச்சிருக்கும். தெரியாமப் பண்றதுதான். நம்ம குடும்பம் மாதிரி" என்றார்.

"நானு மூடியத் தொடவே இல்லீங்க சார். வரும்போதே மீனு கீழதான் கெடந்துது. புள்ளைங்க மேல சத்தியமா" என்றாள் அஞ்சலை.

"சார், இப்பக் குதிச்ச மீனு இப்படிக் காயுமா? நேத்து சாயங்காலமே வெளிய வுழுந்திருக்கு. கண்ணாடிய நீங்க எடுத்ததை நான் பாத்தேன்" என்றேன். என் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

அவர் டீ கிளாஸை அஞ்சலை பக்கம் நகர்த்தினார். "டீயக் குடிம்மா" என்றார் அவளிடம். அவள் குடிக்கவில்லை. டீயில் ஆடை கட்டியது. முதலாளியிடம் பழி சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆள் பெருக்குகிறவளாக இருந்தது அவருக்கு வசதி. அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். கேட் வரைக்கும் கூடப் போனேன். அவள் அழவில்லை. "நான் பொய் சொல்றேன்னுட்டாரே மேடம், அத்தன பேர் இருக்கும்போது" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முதலாளி இன்னொரு சிவப்பு மீன் வேண்டும் என்றார். டீலர் திரும்பி வரும்போது தான் விட்ட மீன் எங்கே என்று கேட்பாராம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அஞ்சலை வேலைக்கு வந்தால்தான் தொட்டியைத் தொடுவேன் என்றேன்.

"முதல்ல மீனு பொழைக்கட்டும்மா. பொழைச்சிதுன்னா அந்தப் பொண்ணை எடுத்துக்கலாம்" என்றார். மீன் பிழைப்பதற்கும் அஞ்சலை நிரபராதி என்பதற்கும் என்ன சம்பந்தம்? கோபத்தில் எனக்குக் கண்ணே மங்கிவிட்டது. ஆனால் வேறு வழி எதையும் அவர் திறந்து வைக்கவில்லை. நான் சொல்கிறபடிதான் எல்லாம் நடக்க வேண்டும், யாரும் ஹாலில் குறுக்கே வரக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சரி என்றேன்.

முதலில் கம்பெனிச் சரக்கு முழுவதையும் தூக்கி வெளியே வைத்தேன். கிளேஸ் ஏற்றாமல் ஒரு தடவை மட்டும் சுட்ட குழாய்த் துண்டுகளைச் சூளைப் பிரிவிலிருந்து வாங்கினேன். அதற்குப் பிஸ்கட் என்று பேர். வழவழப்பு இருக்காது, மீனுக்கு வேண்டாத சாயமும் தண்ணீரில் இறங்காது. நன்றாக ஊறவைத்துக் கழுவி, பழைய பாறைகளோடு சேர்த்து அடுக்கினேன். பாறைகள் முன்பு இருந்த இடத்தில் ஒன்றைக்கூட வைக்கவில்லை. அதுதான் முக்கியம். காலையில் கண்விழித்த மேஸ்திரிக்குத் தன் வீடு எது என்று தெரியவில்லை. பட்டா கிழிந்துபோனவன் மாதிரி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

புது மீனைத் தனித் தொட்டியில் வைத்து, இறாலை அரிசி நொய்யளவு நறுக்கிப் போட்டு, தின்னப் பழகியதா என்று பார்த்தேன். பிறகு ஒரு நாள் ஹால் திரையை இழுத்துவிட்டு, லைட்டை அணைத்து, பக்கெட்டில் மீனை வைத்துக் குளுக்கோஸ் டியூபில் தொட்டித் தண்ணீரைச் சொட்டவிட்டேன். டியூபின் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, இரண்டு தண்ணீரிலும் ஹைட்ரோமீட்டர் ஒரே கோட்டில் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். நடுவில் கரண்டு போனது. பேட்டரி பம்பைப் போட்டேன். அன்றைக்கு ராகுகாலம். வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைப் பிடித்தேன். பழைய மீன்களுக்கு வயிறு முட்டத் தீனி போட்டேன். பிறகு காய்கறி அலசும் ஓட்டைக் கூடையை எடுத்து, மேஸ்திரியைப் பிடித்து அதற்குள் போட்டுத் தொட்டியிலேயே மிதக்கவிட்டேன். புது மீனை மட்டும் கையால் வழியவிட்டேன். அது இருந்த பக்கெட் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினேன். கண்ணாடிக்குச் சந்து இருந்த இடத்தில் கொசுவலை கட்டினேன்.

மேஸ்திரிக்கு ஜெயில் என்று செய்தி பரவி, அச்சுப் பிரிவே டீ நேரத்தில் ஜன்னலில் எட்டிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. புது மீன் குழாய்க்குள் புகுந்துகொண்டு வெளியே தலைகாட்டவே இல்லை. போட்ட தீனியைத் தொடவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் ஹால் கதவைத் திறந்ததும் முதலில் தொட்டிக்குப் பின்னால் தரையைத்தான் பார்ப்பேன். குழாய்க்குள் சுருண்டு கிடந்தது மீன் மட்டுமா? அது செத்தால் நல்லூர்ப் பக்கத்தில் ஒருத்தி பொய்க்காரியாகவே இருந்துவிட வேண்டும். ஒரு மனிதர் மெல்லிய குரலில் போட்ட கணக்கு அது.

சரக்கு வாங்கும் பார்ட்டி வருகிறது, குழாயை எல்லாம் எடுத்துவிடலாமா என்று மேனேஜர் வந்தார். "எடுங்க சார். எடுத்துட்டு நீங்களே தொட்டியப் பாத்துக்குங்க" என்றேன். போய்விட்டார்.

ஒரு நாள் குழாய் வாயில் ஒரு வெள்ளை மூக்கு தெரிந்தது. மறுநாள் தலைநூல் தெரிந்தது. பிறகு மிதந்து போன இறால் துணுக்கை வெடுக்கென்று கவ்விக்கொண்டு உள்ளே போனது. அது தைரியமாக நடுத் தொட்டிவரை வரத் தொடங்கிய பிறகுதான் மேஸ்திரியை வெளியே விட்டேன். மேஸ்திரி ஒரு தடவை துரத்தியது. சிவப்பு மீன் குழாய்க்குள் பாய்ந்தது. துரத்தியதற்கு இப்போது சொந்த இடம் இல்லை, ஓடியதற்கு ஒளிய இடம் இருந்தது. கொஞ்ச நாளில் மேஸ்திரிக்கும் அலுத்துவிட்டது.

முதலாளி வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். "நம்ம பிஸ்கட்டையே வச்சிட்டோம் சார்" என்றார் மேனேஜர், என் பக்கம் திரும்பாமலே. நான் முதலாளி முன்னாலேயே அஞ்சலையைப் பற்றிக் கேட்டேன். "வரச் சொல்லுங்கம்மா" என்றார் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் அவளிடம் சொன்னேன். மீன் பிழைத்தது, எடுத்துக்கொள்கிறார்களாம் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "வரன் மேடம்" என்றாள்.

திங்கட்கிழமை ஹாலில் ஆபீஸ் ஆட்கள் இருந்தார்கள், வாட்ச்மேன் இருந்தார். மேனேஜர் சிரித்தபடி வந்தார். "மீனு பொழைச்சிடுச்சிம்மா. சந்தோஷம். இன்னிலேர்ந்து வேலையப் பாரு. டீ சாப்பிடறியா?"

"டீ வேணாம் சார்" என்றாள் அஞ்சலை. "மீனு செத்திருந்தா?"

அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்தார்.

"மீனு செத்திருந்தா நானு பொய் சொன்னவதானே சார்? ஒரு மீனு வந்து எனக்குச் சாட்சி சொல்லணுமா? அன்னிக்கி இத்தினி பேர் இருக்கும்போதுதான என்னைச் சொன்னீங்க. இன்னிக்கி இவங்க முன்னாடியே சொல்லுங்க, இவ மேல தப்பில்லன்னு."

"அதெல்லாம் எதுக்கும்மா. பாத்துக்கலாம்."

அஞ்சலை போய் விசிட்டர் சோபாவில் உட்கார்ந்தாள். தினமும் துடைத்த சோபா, அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தாள். எழுந்திரு என்று யாரோ சொன்னார்கள், அவள் அசையவில்லை. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே முதலாளியின் கார் ஹாரன் அடித்தது. வாட்ச்மேன் கேட் திறக்க ஓடினார். முதலாளியோடு பார்ட்டியும் வருகிறது என்று ஆபீசிலிருந்து ஒருவர் வந்து சொன்னார்.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். எங்கள் பக்கம் குனிந்து, "உன் மேல தப்பில்லம்மா" என்றார்.

"கேக்கல சார்" என்றாள் அஞ்சலை.

"அஞ்சலை மேல தப்பில்ல."

"அவங்களுக்குக் கேக்கல சார்."

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மேனேஜர் நிமிர்ந்து, ஆபீஸ் ஆட்கள் பக்கம் திரும்பிக் கத்தினார். "அஞ்சலை மேல ஒரு தப்பும் இல்ல! கண்ணாடிய மூடாம வுட்டது நான்!" பழக்கமில்லாத தொண்டை, நடுவில் கீச்சென்று உடைந்தது. அந்தச் சத்தத்தில் தொட்டியின் நடுவில் நின்றிருந்த சிவப்பு மீன் மிரண்டு குழாய்க்குள் பாய்ந்துவிட்டது. அத்தனை நாள் அதற்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த நான், அது திரும்ப வெளியே வருகிறதா என்று பார்க்கக்கூட எழுந்திருக்கவில்லை.